கீழே சாமி, மேலே அணில்

அணில் என் யோசனை அல்ல. ஆனால் அது பேசிய வரிகள் அத்தனையும் நான் எழுதியவை.

நாளிதழ் ஒன்றில் பல வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, 2010 வாக்கில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்கள் செய்யும் இடம். கதவின் உள்பக்கம், இருக்கையின் அடிச்சட்டம், கையில் எடுத்துப் பார்த்தாலும் எங்கே பொருந்தும் என்று தெரியாத வளைந்த துண்டுகள். மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் வரும் நிறுவன இதழைத் தயாரிப்பதும், அறிவிப்புப் பலகைகளுக்கு வாசகம் எழுதுவதும், வெளிநாட்டு விருந்தினர் வந்தால் வரவேற்பு அட்டையில் அவர்கள் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. இதழை யாரும் படிக்கவில்லை. தங்கள் படம் வந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். நாளிதழையும் பாதிப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

ஆலைத் தலைவர் ஒருமுறை வெளிநாடு போய்விட்டு வந்தார். அங்கே ஓர் அலுவலகத்தில் கணினித் திரையின் அடியில் ஒரு பொம்மைப் பூனை நடந்துகொண்டிருந்ததாம். சும்மா விட்டால் கொட்டாவி விடும், சொடுக்கினால் துள்ளும். நம் கணினிகளிலும் அப்படி ஒன்று வேண்டும், அது பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். கூட்டத்தில் பூனைக்கு எதிர்ப்பு வந்தது. திரையில் அது குறுக்கேதானே போகும், காலையில் வேலையைத் தொடங்கும்போதே பூனை குறுக்கே போனால் நன்றாக இருக்காது என்று கொள்முதல் பிரிவுக்காரர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பூனை போய் அணில் வந்தது. பராமரிப்புப் பிரிவுக்கு அணில் பிடிக்கவில்லை. கேண்டீன் பின்னால் இருக்கும் வேப்பமரத்து அணில்கள் ஒயரைக் கடித்து ஒரு வரிசையையே நிறுத்திவைத்த வரலாறு அவர்களுக்கு இருந்தது. அந்த ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. அணிலுக்கு மஞ்சள் ஹெல்மெட் போடுவது என்று முடிவானது.

செய்து தரும் பொறுப்பு கணினிப் பிரிவிலிருந்த ஒரு பயிற்சி ஊழியரிடம் போனது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். படப்பையில் மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். நானும் படப்பையில் புது மனைப் பிரிவு ஒன்றில் குடியிருந்ததால் கம்பெனிப் பேருந்தில் ஒன்றாகத்தான் வந்து போவோம். அவளுடைய பயிற்சிக் காலம், ஆலையில் ஆண்டுதோறும் கொண்டாடும் பாதுகாப்பு வாரம் முடிந்த அடுத்த மாதத்தோடு தீர்வதாக இருந்தது. அதற்குப் பிறகு நிரந்தரம், இல்லாவிட்டால் ஊர். ஊரில் சொந்தக்காரர் ஒருவர் பள்ளியில் கணினி ஆசிரியை வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். வேலையோடு சேர்த்து மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்கள். இதை அவள் அழுகையாகச் சொல்லவில்லை. பேருந்து சேரப்பணஞ்சேரியைத் தாண்டும்போது, நாளை மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

"அங்கன போயிட்டா திரும்பி வர முடியாது சார். அதான் இந்த அணில ஒழுங்கா நிக்க வைக்கணும்."

அணில் எப்படி நிற்கிறது என்பதைக் கேண்டீன் மேசையில் தண்ணீரைத் தொட்டு வரைந்து காட்டினாள். கணினித் திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். இந்தக் கோடியில் 'ஸ்டார்ட்' பொத்தான், அந்தக் கோடியில் கடிகாரம். அந்தப் பட்டைதான் அணிலுக்கு மதில். பட்டையின் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்று அவளுடைய நிரல் கணினியிடம் கேட்கும். அந்த இடத்திலிருந்து அணிலின் உயரத்தை மேல்நோக்கி எண்ணினால் அணிலின் தலை. அவ்வளவுதான் கணக்கு. தலைக்கு மேலே பேச்சுக் கட்டம், அதற்குக் கீழ்நோக்கி ஒரு மூக்கு, சித்திரக் கதைகளில் இருப்பதுபோல. பாதுகாப்பு அதிகாரி இதில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எந்தத் திரையாக இருந்தாலும் வாசகம் ஓர் எழுத்துகூட வெட்டுப்படக் கூடாது. அதற்காக அவள் கட்டத்துக்கென்று தனியாக ஒரு விதி எழுதினாள். தலைக்கு மேலே இடமில்லாவிட்டால் கட்டம் தலைக்குக் கீழே வந்துவிடும், மூக்கு மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். அணிலுக்கு அப்படி ஒரு விதி எழுதவில்லை. அணில் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தாளாம்.

நான் வாசகங்களை எழுதினேன். அறிவிப்புப் பலகை நடையில் எழுதினால் யாரும் மதிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அணில் பேசுவது அணில் பேசுவதுபோல இருக்க வேண்டும் என்று, குட்டிக் கேள்விகளாக எழுதினேன். கண்ணாடி போட்டாச்சா? காது அடைப்பான் எங்கே போச்சு? கையுறை எங்கே? பாதுகாப்பு அதிகாரி அவற்றைச் சிவப்பு மையில் திருத்தி 'அணிந்துவிட்டீர்களா' என்று ஆக்கினார். நான் பழையபடி மாற்றினேன். ஆலைத் தலைவர் என் பக்கம் நின்றார்.

அணில் எல்லாக் கணினிகளிலும் ஒரு திங்கட்கிழமை காலை வந்து நின்றது. கணக்குப் பிரிவில் அன்று வேலை நடந்ததாகத் தெரியவில்லை. சொடுக்கிச் சொடுக்கித் துள்ள வைத்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் சிடுசிடுப்பாக இருக்கும் ஒருவர், அணிலுக்கு மூன்று கோடு சரியாக இருக்கிறதா என்று திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து எண்ணிப் பார்த்தார். பேருந்தில் அன்று அவள் முகம் தெளிவாக இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் பிரஸ் ஷாப்பிலிருந்து புகார் வந்தது. தகட்டை அச்சுக்கு இடையில் வைத்து அமுக்கி வளைக்கும் கூடத்துக்கு அங்கே அந்தப் பெயர். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை துண்டு அடித்தார்கள் என்பதை ஆட்களே அங்கிருக்கும் பொதுக் கணினியில் பதிய வேண்டும். புகாரின் சாரம் இதுதான்: கேமரா வழியாக யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரில் எழுதிக் கேள்வி கேட்கிறார்கள். கையுறையைக் கழற்றிய அந்த நிமிடமே கையுறை எங்கே என்று கேட்கிறார்கள். கழிவறைக்குப் போனாலும் பார்ப்பீர்களா? அவர்கள் திரைமீது எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

மனிதவள மேலாளர் ஒரு பெண்மணி. அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது. அந்த வருடங்களில் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எந்த ஆலையில் எப்போது வேலை நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாத நிலை இருந்தது. வேவு பார்ப்பதாக ஒரு பேச்சு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் அது அடுத்த ஆலைக்குப் போய்விடும். அவர் கணினிப் பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டார். கணினிப் பிரிவுத் தலைவர், அதைச் செய்தது பயிற்சி ஊழியர் என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் தன்னை விடுவித்துக்கொண்டார். புகாரை அவர்களாகத் திரும்பப் பெற்றாலொழிய அவளுடைய நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று மேலாளர் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அணிலை வைத்துக்கொண்டு எப்படி வேவு பார்ப்பது? அவள் கணினியில் அது பட்டைமீது கால் மடக்கி உட்கார்ந்து கொட்டை தின்றுகொண்டிருந்தது. பிரஸ் ஷாப்புக்கு உள்தொலைபேசியில் கூப்பிட்டு, திரையின் கீழே அணில் நிற்கிறதா என்று கேட்டாள். பின்னால் இயந்திரம் இடிக்கும் சத்தம். ஓர் ஆண்குரல், "கீழ சாமிதான் கீது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"நக்கல் பண்ணுதாங்க சார்" என்றாள்.

எனக்கு அது நக்கலாகத் தோன்றவில்லை. நக்கல் செய்பவர்கள் அடுத்த கேள்விக்காகக் காத்திருப்பார்கள். செய்தி ஆசிரியராக இருந்த ஒருவரிடம் நான் கற்றது ஒன்றுதான்: தொலைபேசியில் புரியாத விஷயத்தை மறுபடி தொலைபேசியில் கேட்காதே, போய்ப் பார். போகலாம் என்றேன். அவள் தயங்கினாள். அங்கே சேர்ந்து இத்தனை காலத்தில் பிரஸ் ஷாப்புக்குள் அவள் போனதே இல்லை. அலுவலகப் பெண்கள் யாரும் போவதில்லை. தடை ஒன்றும் இல்லை. இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வாசல் அறையிலிருந்த காலணிகளில் எதுவும் பெண்கள் காலுக்குச் சேராது, அவ்வளவுதான். இருந்ததில் சின்ன ஜோடியை எடுத்து, என் மேசையிலிருந்து பழைய இதழ்களைக் கொண்டுவந்து முனையில் திணித்துக்கொண்டாள். நான் போட்ட இதழ் ஒருவருக்குப் பயன்பட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிரஸ் ஷாப்பில் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. இயந்திரம் இறங்கி அடிக்கும். அது மேலே ஏறுகிற இடைவெளியில் பேச வேண்டும். பழகியவர்கள் வாக்கியத்தை அடிக்குத் தகுந்தபடி உடைத்துக்கொள்வார்கள். தூண் ஒன்றின் ஓரமாக இரும்பு மேசை, அதன்மேல் துணி மூடிய திரை. தூணில், திரைக்கு நேர் மேலே, கேமரா. அதன் கண் சரக்கு வரும் கதவை நோக்கித்தான் இருந்தது. ஆனால் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அந்தக் கறுப்பு உருண்டை தன்னைப் பார்ப்பதாகத்தான் தெரியும்.

புகார் கொடுத்தவர், அந்தக் கூடத்தின் சார்பில் தொழிலாளர் குழுவில் இருந்தவர். சேரப்பணஞ்சேரிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், ஆபரேட்டர். தொலைபேசியில் பேசிய குரலும் அதுதான்.

"இன்னா மேடம், நேர்லயே வந்துட்டீங்க. கேமராவுல சரியா தெர்லயா?"

சுற்றியிருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள். துணியை எடுக்கச் சொன்னாள்.

எடுத்ததும் எனக்குத் தொலைபேசிக் குரல் சொன்னது புரிந்தது. திரையின் அடியில், அதன்மேல் சாய்த்தபடி ஓர் அம்மன் படம். பக்கத்திலேயே மாதா படம். ஆயுத பூஜைக்கு வைத்தது. அடுத்த ஆயுத பூஜைக்குப் புதுப் படம் வரும்வரை அங்கேதான் இருக்கும். சட்டத்தில் காய்ந்த சந்தனம், ஒரு நூலில் பழைய சாமந்தி. திரையின் கீழ்ப்பகுதி நான்கு விரல் அகலத்துக்கு இரண்டு படங்களுக்கும் பின்னால் மறைந்திருந்தது. கீழே சாமிதான் இருந்தது.

அவள் பார்த்தது வேறு. அவள் திரையின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஸ்டார்ட்' பொத்தானும் கடிகாரமும் அங்கே இருந்தன. பட்டையை யாரோ மேலே இழுத்து வைத்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்டாள். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல ஆபரேட்டர் சுவரைக் காட்டினார். ஒரு கடிகாரம், நின்றுபோய். இயந்திரம் அடிக்கிற அதிர்வில் அங்கே எந்தச் சுவர்க் கடிகாரமும் ஒரு மாதம் தாங்காது. அதனால் ஷிஃப்ட் முடிவதை எல்லோரும் இந்தத் திரையில்தான் பார்ப்பார்கள். சாமி வந்த பிறகு மணி மறைந்துவிட்டது. சாமியை நகர்த்த முடியாது, மணியை நகர்த்தினார்கள்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பட்டையின் மேல்விளிம்பிலிருந்து அணிலின் உயரத்தை மேல்நோக்கி எண்ணு என்று அவள் எழுதியிருந்தாள். பட்டையே உச்சியில் இருந்தால் அந்த எண்ணிக்கை திரையைத் தாண்டிப் போய்விடும். அணில் இத்தனை நாளும் திரைக்கு வெளியே, மேலே, யாருக்கும் தெரியாத ஓரிடத்தில் நடந்துகொண்டும் கொட்டை தின்றுகொண்டும் இருந்திருக்கிறது. பேச்சுக் கட்டம் மட்டும், தனக்கென்று எழுதிய விதியின்படி, ஒழுங்காகத் திரைக்குள் இறங்கி வந்திருக்கிறது.

ஆபரேட்டர் தன் தோல் கையுறைகளைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, "பாருங்க" என்று ஒரு விசையைத் தட்டினார். மேலிருந்து கட்டம் இறங்கியது. 'கையுறை எங்கே?' அதன் மூக்கு மேல்நோக்கித் திரும்பியிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் அந்த மூக்கு காட்டிய திசையில் பார்த்தோம். அங்கே கேமரா இருந்தது.

நான் நாளிதழில் எழுதிய செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது. 'நமது நிருபர்' என்று போடுவோம். படிக்கிறவர்கள் அந்த நிருபருக்கு அவரவர் ஒரு முகத்தைக் கொடுத்துக்கொள்வார்கள். பிடிக்காத செய்தியென்றால் பிடிக்காத முகம். இங்கும் அதுதான் நடந்திருந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட அணில் கையுறை எங்கே என்று கேட்டால் கேலி. உடம்பில்லாமல் அதே இரண்டு சொல் வந்தால் மெமோ. நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கேட்கிறவர் மாறிவிட்டார்.

"நான் கையுறைய கழட்டினத அது எப்படி பாத்துது? அத்த சொல்லுங்க மொதல்ல" என்றார் ஆபரேட்டர்.

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த தோல், விரலுக்கு விரல் வாழைப்பூ மடல்போல. அவற்றை மாட்டிக்கொண்டு விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தனியாக அமுக்க முடியாது. எண்ணிக்கை பதிய வருகிற ஒவ்வொருவரும் கையுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கணினி சும்மா இருந்துவிட்டு முதல் விசை பட்டதும் அணில் விழித்துக்கொண்டு எதையாவது கேட்கும். பிரஸ் ஷாப் என்பதால் பாதுகாப்பு அதிகாரி அங்கே கையுறைக் கேள்வியை முதலில் போடச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, அத மாட்டிக்கிட்டு அந்தப் பேனாவால ஒரு எழுத்த அமுக்குங்க" என்றாள்.

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். கையுறைகளை மாட்டினார். மணிக்கட்டில் நன்றாக இழுத்துவிட்டார். கேமராவுக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் ஒருமுறை தூக்கிக் காட்டினார். அணில் மறுபடி தூங்கும்வரை காத்திருந்தோம். அதற்குள் இரண்டு இயந்திரக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். அவர் தோல் விரல்களுக்கு இடையில் பேனாவைப் பிடித்து ஒரு விசையைக் குத்தினார்.

'கையுறை எங்கே?'

அவர் தன் கைகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி குத்தினார். பிறகு பின்னால் திரும்பி நின்றவர்களிடம், மெதுவாக, ஒரு தீர்ப்பைப் படிப்பதுபோலச் சொன்னார்.

"டேய், இதுக்குக் கண்ணே தெர்லடா."

அந்தச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. ஆனால் அவர் புகாரைத் திரும்பப் பெறவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கண் தெரியவில்லை, சரி. ஆளில்லை என்று எப்படித் தெரியும்? ஆபீஸில் உட்கார்ந்து பார்க்காமலே எழுதுகிற ஆட்களும் உண்டல்லவா? அணில், அணில் என்கிறீர்கள், அந்த அணிலைக் கண்ணில் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம் என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமலே எழுதுகிற ஆள் நான்தான்.

அன்றே அவள் நிரலைத் திருத்தினாள். பட்டை எங்கே இருந்தாலும் அணில் திரையின் தரையில் நிற்க வேண்டும் என்று மாற்றினாள். தன் கணினியில் பட்டையை மேலே, இடப்புறம், வலப்புறம் என்று எல்லாப் பக்கமும் இழுத்து வைத்துச் சோதித்தாள். அணில் அசையாமல் கீழே நின்றது. மறுநாள் மறுபடி இதழ்களைத் திணித்துக்கொண்டு பிரஸ் ஷாப்புக்குப் போனோம்.

அணில் திரையின் தரையில்தான் நின்றது, சந்தேகமில்லை. அதாவது அம்மன் படத்துக்குப் பின்னால். படத்தின் விளிம்பில் ஒரு வால் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பேச்சுக் கட்டம் அம்மன் தலைக்கு மேலே வந்தது, மூக்கு அம்மனை நோக்கி. கூடத்திலிருந்த ஒரு இளைஞன், "அம்மனே கேக்குது, கையுறைய மாட்டிக்கடா" என்றான். ஆபரேட்டர் அவனை முறைத்தார். அவருக்கு அது வேடிக்கையாக இல்லை. வந்த வழியே நாங்கள் திரும்பினோம்.

கணினிப் பிரிவுத் தலைவரிடம் இதற்குச் சுலபமான தீர்வு இருந்தது. எல்லாக் கணினிகளிலும் பட்டையைக் கீழே இறக்கிப் பூட்டிவிடலாம். திரைக்கு முன்னால் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விடலாம். அறிக்கையை நான் எழுத வேண்டும். மனிதவள மேலாளர் யோசித்தார். அவருக்கும் இதில் ஓர் ஆபத்து தெரிந்தது, ஆனால் வேறு வழி தெரியவில்லை. பாதுகாப்பு வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து நின்றாள். பயிற்சி ஊழியர்கள் மேலாளர் அறையில் கேட்டால் மட்டுமே பேசுவார்கள்.

"சாமிய நகத்த வேண்டாம் சார். நாம அணிலத்தான நகத்தணும்."

"எங்க நகத்துவ? கீழ சாமி, மேல இடமில்ல" என்றார் கணினிப் பிரிவுத் தலைவர்.

"ஒரு நாள் குடுங்க. பாக்குதேன்."

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். அணில்கள் மரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இதில் ஞானம் எதுவும் இல்லை. கேண்டீன் பின்னால் நின்றால் எல்லோர் கண்ணிலும் படுகிற காட்சிதான். ஏறும்போது தலை மேலே, இறங்கும்போது தலை கீழே. ஒன்று பாதி இறங்கியதும் அப்படியே நின்று, தலைகீழாகத் தொங்கியபடி எங்களைப் பார்த்தது. தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்ப வரவில்லை. இருக்கைக்குப் போய்விட்டிருந்தாள்.

பட்டை மேலே இருந்தால் அணில் அதைப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். ஏற்கெனவே இருந்த படங்களையே கவிழ்த்துப் போட்டு, பின்னங்கால் விரல்களை மட்டும் புதிதாக வரைந்திருந்தாள். பேச்சுக் கட்டம் பக்கத்தில் வரும், மூக்கு அணிலின் வாயை நோக்கி. மாலைக்குள் முடித்துவிட்டாள். அப்போது பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தலைகீழா தொங்கினா ஹெல்மெட் விழுந்துடுமே" என்றார்.

அவர் விளையாடவில்லை. மோவாய்ப் பட்டி இல்லாத ஹெல்மெட்டை ஆலையில் யாரும் போடக் கூடாது என்பது விதி. பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற அணிலே பட்டி இல்லாமல் தொங்கினால் மற்றவர்களை எப்படிக் கேட்பது? பட்டி வரையும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவள் எல்லாப் படங்களிலும், கொட்டை தின்பது, கொட்டாவி விடுவது, துள்ளுவது, தொங்குவது எல்லாவற்றிலும், அணிலின் மோவாயில் ஒரு கறுப்புப் பட்டியைச் சேர்த்தாள். கொட்டை தின்னும்போது பட்டி வாயில் இடித்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு நாள் ஆனது. நான் அந்த நேரத்தில் கையுறைக் கேள்வியை எடுத்துவிட்டு, 'எண்ணிக்கை போட்டாச்சா? கையுறையை மறக்காமல் மாட்டிக்கொண்டு போங்க' என்று எழுதினேன். சற்று நீளம்தான்.

அவள் பிரஸ் ஷாப்புக்கு மூன்றாம் முறை போனபோது நான் கூடப் போகவில்லை. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய பக்கங்கள் இருந்தன. நடந்ததைப் பிறகு மனிதவள மேலாளர் அறையில்தான் கேட்டேன். இதழுக்கு வேண்டிய படங்களை வாங்குவதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆபரேட்டர் ஷிஃப்ட் முடிந்து, கையைக் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மேலாளர் அவரை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"அந்த கேமரா விஷயம் மேடம். நாங்க ஆளுன்னு நெனச்சிக்கினோம். ஆளு இல்ல. அணிலுதான்."

நேரில் பார்த்தீர்களா என்று மேலாளர் கேட்டார். பார்த்தோம், தொங்குகிறது என்றார். மற்றவர்களும் பார்த்தார்களா? மூன்று ஷிஃப்டும் பார்த்துவிட்டது. முதல் நாள் இரண்டாம் ஷிஃப்டுக்காரர்கள் அதைத் துள்ள வைக்கப் போய், அது தலைகீழாகத் துள்ளி மறுபடி பட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்து, சூப்பர்வைசர் வந்து விரட்ட வேண்டியிருந்ததாம். அப்படியானால் புகாரைத் திரும்பப் பெறுவதாக எடுத்துக்கொள்ளலாமா என்றார் மேலாளர்.

"எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு." அவர் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார். "அந்த பாப்பா சாமி படத்த தொடல. பட்டையும் எறக்கல. அதனாலதான் வந்து சொல்றேன். வேற யாராச்சும் வந்து அணில நிமித்தறேன்னு கிளம்பிட போறாங்க. அது தொங்கிகினே இருக்கட்டும்."

கேமரா இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேலாளரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்பதற்காக வைத்தது என்று தெரிந்தே எல்லோரும் அதன் கீழ் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பார்ப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது, பார்த்ததைச் சொல்வதுதான் பொறுக்கவில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. இப்போது அது முழுக்கச் சரியா என்று தெரியவில்லை. சொல்வது யார் என்று தெரிந்திருந்தால் பொறுத்திருப்பார்களோ என்னவோ.

பாதுகாப்பு வாரத்தில் ஆலைத் தலைவர் விருந்தினர்களோடு பிரஸ் ஷாப்புக்குப் போனார். எல்லா இடத்திலும் நிற்கிற அணில் இங்கே மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று ஒரு விருந்தினர் கேட்டார். கணினிப் பிரிவுத் தலைவர், அது ஒரு சிறப்பு அம்சம் என்றார்.

அடுத்த மாதம் நிரந்தரமானவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. பெயர்களில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்னுடையது என்பதால் அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் பலகையில் பார்த்துக்கொண்டாள்.

அன்று மாலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, கைபேசியில் ஊரிலிருக்கும் அம்மாவோடு பேசினாள். ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்து நின்று நின்று போயிற்று. அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. ஆமா, நிரந்தரம். ஆமா, கையில குடுத்துட்டாங்க. இல்ல, வரல. பள்ளிக்கூடத்துல சொல்லிருங்க. மாமாட்டயும் சொல்லிருங்க. கோவமெல்லாம் இல்ல. பிறகு கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் பேசியது. எதற்காக வேலையை நிரந்தரமாக்கினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் பக்கத்தில் இருப்பவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அணில்மா. ஒரு அணில தொங்க விட்டேன்."

இடைவெளி.

"இல்லம்மா. உசுருள்ள அணில் இல்ல."